ஒரு முகத்துவாரம், இரண்டு செயலிகள்

"மிஸ், எட்டாயிரத்து எண்பத்தொன்றா, எட்டாயிரத்துப் பதினெட்டா?"

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைப்பேசியை நீட்டியபடி என்னிடம் இப்படிக் கேட்டான். அன்று மட்டும் அந்தக் கேள்வியை நான் நான்காவது முறையாகக் கேட்டேன். பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். கணினி எனக்குப் பட்டப்படிப்புப் பாடம் அல்ல, தேவை வந்ததால் கற்றுக்கொண்டது. அதனால் இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் "நமக்கு இது ஒத்துவருமா" என்று தயங்க வேண்டாம்.

எங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மின்சாரமும் அலைவரிசையும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த நாட்களை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. இணையம் இல்லாத நாளிலும் பிள்ளைகள் ஏதாவது தேடிப் படிக்க வேண்டும் என்று, முன்னாள் மாணவர் ஒருவர் தமக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்தார். அதில் லினக்ஸ் நிறுவி, ஒரு சிறிய வைஃபை ரவுட்டருடன் இணைத்து, தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு வகுப்பறை மூலையில் வைத்தோம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் கணினிகளை நாங்கள் தொடவே இல்லை. அவற்றின் அமைப்பை மாற்றுவது நம் வேலையும் அல்ல. மடிக்கணினி பழையதானாலும் ஒரு வசதி உண்டு: மின்சாரம் போனால் அதன் பேட்டரி சிறிது நேரம் தாங்கும்.

அதில் இரண்டு செயலிகள் ஓடின. ஒன்று கீவிக்ஸ். 2007இல் தொடங்கிய இந்த இலவச மென்பொருள், விக்கிப்பீடியா போன்ற தளங்களை ஒரே கோப்பாகச் சுருக்கி வைத்து இணையம் இல்லாமல் காட்டும். நாங்கள் தமிழ் விக்கிப்பீடியாவை வைத்திருந்தோம். மற்றொன்று, அதே முன்னாள் மாணவர் ஜாங்கோவில் எழுதிக் கொடுத்த 'மீன் ஏடு'. மடவை, கொடுவா, கிழங்கான், இறால், நண்டு என்று வீட்டுக்கு வருவதையெல்லாம் பிள்ளைகள் படம் எடுத்து, வீட்டில் வழங்கும் பெயரோடும் பிடித்த விதத்தோடும் பதிவார்கள். பாடநூலில் இல்லாத பெயர்கள் அதில் சேர்ந்துகொண்டே போயின. விக்கிப்பீடியாவைவிட இதற்குத்தான் கூட்டம்.

சிக்கல் முகவரியில் இருந்தது. கீவிக்ஸ் 8081 என்ற எண்ணிலும் மீன் ஏடு 8000 என்ற எண்ணிலும் ஓடின. ரவுட்டர் தந்த நீண்ட முகவரியைத் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இந்த எண்ணையும் சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது நினைவில் நிற்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முயற்சியையே விட்டுவிட்டார்கள். ஒரே பெயர், அதன் கீழ் இரண்டு செயலிகள் என்று வைக்க முடியாதா என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் அந்த எண் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கணினிக்கு வலையமைப்பில் ஒரு முகவரி இருந்தாலும், அதில் ஓடும் நிரல்கள் பல. வந்த செய்தி எந்த நிரலுக்கு என்று பிரிக்க 0 முதல் 65535 வரை எண்கள் உண்டு. அதைத்தான் போர்ட் என்கிறோம். நாம் எண் எதுவும் தராமல் முகவரியை மட்டும் தட்டினால், உலாவி தானாக 80க்குப் போகும். பூட்டுப் போட்ட பாதுகாப்பான இணைப்பென்றால் 443. ஆக, எண் இல்லாமல் வர வேண்டுமானால் செயலி 80இல் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரே முகவரியில் ஒரே போர்ட்டை இரண்டு நிரல்கள் தனித்தனியே பிடித்துவைக்க முடியாது. இரண்டாவதாக வருவது "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற பிழையோடு நின்றுவிடும்.

இதை வகுப்பில் சொன்னபோது எங்கள் ஏரியே உதவிக்கு வந்தது. ஏரிப்பக்கத்துக் குப்பங்களின் படகுகள் கடலுக்குப் போக வேண்டுமென்றால் முகத்துவாரம் வழியாகத்தான் போக வேண்டும். திரும்பி வரும்போதும் அதே வழிதான். உள்ளே வந்த பிறகு கோட்டைக்குப்பத்துப் படகு அதன் துறைக்கும், மற்றது தன் துறைக்கும் பிரியும். 80 என்பது முகத்துவாரம். 8000, 8081 இரண்டும் உள்ளே இருக்கும் துறைகள். முகத்துவாரத்தில் ஒரு ஆளை நிறுத்தி, வருகிறவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டு, சரியான துறைக்கு அனுப்பச் சொன்னால் போதும்.

அந்த ஆள்தான் என்ஜின்எக்ஸ். ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயேவ் எழுதி 2004இல் வெளியிட்ட வலைச் சேவையக மென்பொருள் இது. அப்பாச்சியிலும் இதே வேலையைச் செய்யலாம். வெளியே இருப்பவர் என்ஜின்எக்ஸோடு மட்டும் பேசுவார். அது உள்ளே இருக்கும் செயலியிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கும். இதை ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பார்கள்.

பிரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெயரை வைத்துப் பிரிப்பது: மீன்.பள்ளி.லேன், விக்கி.பள்ளி.லேன் என்று துணைப்பெயர்கள். மற்றது, பாதையை வைத்துப் பிரிப்பது: பள்ளி.லேன்/மீன்/, பள்ளி.லேன்/விக்கி/. (நாங்கள் தட்டியது ஆங்கில எழுத்துகளில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.) உண்மையைச் சொன்னால் துணைப்பெயர் வழியே சுத்தமானது. ஒவ்வொரு செயலியும் தான் மட்டுமே இருப்பதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக ஓடும். ஆனால் எங்கள் ரவுட்டர் ஒரு பெயருக்கு மேல் பதிய மறுத்தது. பிள்ளைகளும் ஒரு பெயரைத்தான் நினைவில் வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. பாதை வழியைத் தேர்ந்தேன். அதன் விலை எனக்கு அப்போது தெரியாது.

என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் 'சர்வர்' என்று ஒரு தொகுதி உண்டு. அதில் 80இல் கவனி, உன் பெயர் பள்ளி.லேன் என்று இரண்டு வரிகள். அதற்குள் 'லொகேஷன்' என்ற சிறு தொகுதிகள். /மீன்/ என்று தொடங்கும் கோரிக்கை வந்தால் 8000க்கு அனுப்பு. /விக்கி/ என்று தொடங்கினால் 8081க்கு அனுப்பு. அனுப்பும் கட்டளைக்கு 'ப்ராக்ஸி பாஸ்' என்று பெயர். பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்தது. ஆர்வத்தோடு பள்ளி.லேன்/மீன்/ என்று தட்டினேன். "பக்கம் இல்லை" என்று வந்தது.

காரணம் ஒரு சாய்கோடு. ப்ராக்ஸி பாஸ் வரியில் 8000 என்பதோடு நிறுத்தினால், வந்த பாதை அப்படியே உள்ளே போகும். அதாவது ஜாங்கோவுக்கு '/மீன்/பட்டியல்' என்று கேட்கும். அதன் அட்டவணையில் 'மீன்' என்றே ஒன்று இல்லை. 'பட்டியல்' மட்டும்தான் உண்டு. 8000க்குப் பின் ஒரு சாய்கோடு போட்டுவிட்டால், பொருந்திய '/மீன்/' என்ற பகுதியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வெறும் '/' வைத்து அனுப்பும். ஜாங்கோவுக்கு '/பட்டியல்' என்று போய்ச் சேரும். ஒரு மாலை முழுவதும் இந்த ஒரு கோட்டுக்காக உட்கார்ந்திருந்தேன்.

சாய்கோட்டைப் போட்டதும் பக்கம் வந்தது. ஆனால் நிறமில்லை, படமில்லை. வெறும் எழுத்துகள், வெள்ளைத்தாளில் கொட்டியது போல. மறுநாள் அதை மாணவர்களிடமே காட்டினேன். மடிக்கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து, சிவப்பில் உள்ள வரிகளைப் படிக்கச் சொன்னேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் கண்டுபிடித்தாள். "மிஸ், இது /மீன்/னு ஆரம்பிக்கல. நேரா /ஸ்டேடிக்/னு கேட்குது."

அதேதான். முன்னால் இருந்த பெயரை நாம் வெட்டி அனுப்பியதால், தான் '/மீன்/' என்ற வீட்டுக்குள் இருப்பதே ஜாங்கோவுக்குத் தெரியாது. ஆகவே தன் படங்களையும் வடிவமைப்புக் கோப்புகளையும் '/ஸ்டேடிக்/' என்று வேரிலிருந்து கேட்கச் சொல்லிப் பக்கத்தை எழுதிக் கொடுக்கிறது. உலாவி அப்படியே கேட்கிறது. வாசலில் நிற்பவருக்கு அந்தப் பெயர் தெரியாது.

இதை வாசலில் சரிசெய்ய முயலாமல் செயலியிடமே சொல்வதுதான் முறை. ஜாங்கோவின் அமைப்பில் 'ஸ்கிரிப்ட் நேம்' என்பதற்கு '/மீன்' என்று கொடுத்தோம். நிலைக்கோப்புகளின் முகவரியையும் '/மீன்/ஸ்டேடிக்/' என்று மாற்றினோம். அந்தக் கோப்புகளை ஜாங்கோவைத் தொந்தரவு செய்யாமல் என்ஜின்எக்ஸே கோப்புறையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி மூன்றாவது லொகேஷன் ஒன்றைச் சேர்த்தோம். '/மீன்/', '/மீன்/ஸ்டேடிக்/' இரண்டும் பொருந்தினால் எது வெல்லும் என்று ஒருவன் கேட்டான். இப்படிச் சாதாரணமாக எழுதிய பாதைகளில் நீளமாகப் பொருந்துவதே வெல்லும். கோப்பில் எது முதலில் எழுதப்பட்டது என்பது கணக்கில்லை. கீவிக்ஸுக்கு வேலை இன்னும் எளிது. அதைத் தொடங்கும்போதே 'உன் வேர் /விக்கி' என்று சொல்லும் வசதி உண்டு. அப்படிச் சொன்னபின் அதற்குப் பாதையை வெட்டாமல் முழுசாக அனுப்ப வேண்டும், அதாவது அங்கே கடைசிச் சாய்கோடு கூடாது. ஒன்றுக்கு வெட்டி, மற்றதற்கு வெட்டாமல். இந்த வேறுபாட்டை ஒரு சீட்டில் எழுதி மடிக்கணினி மூடியில் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்து இரண்டு சிறிய இடர்கள். படிவத்தை அனுப்பினால் 403 என்று மறுத்தது. என்ஜின்எக்ஸ் உள்ளே பேசும்போது, வந்தவர் கேட்ட பெயருக்குப் பதிலாக உள்முகவரியையே 'ஹோஸ்ட்' என்று சொல்லும். படிவம் வந்த இடமும் தன் பெயரும் ஒத்துப்போகவில்லையே என்று ஜாங்கோ சந்தேகப்படுகிறது. 'ஹோஸ்ட்' தலைப்பை அப்படியே கடத்தும்படி ஒரு வரி சேர்த்து, ஜாங்கோவின் அனுமதிப் பட்டியலிலும் பள்ளி.லேன் என்பதை எழுதியதும் தீர்ந்தது. பிறகு, கைப்பேசியில் எடுத்த மீன் படங்கள் ஏறவில்லை. 413 என்று வந்தது. என்ஜின்எக்ஸ் இயல்பாக ஒரு மெகாபைட்டுக்கு மேல் ஏற்றவிடாது. அந்த வரம்பை 10 ஆக்கினோம்.

இந்த எண்களையே பிள்ளைகளுக்குக் குறிகளாகக் கற்றுக்கொடுத்துவிட்டேன். 404 என்றால் வாசலில் ஆள் இருக்கிறார், கேட்ட இடம்தான் இல்லை. 502 என்றால் வாசலில் ஆள் இருக்கிறார், உள்ளே துறையில் படகு இல்லை, செயலி ஓடவில்லை. எதுவுமே வராமல் இணைக்க முடியவில்லை என்றால் வாசலிலேயே ஆள் இல்லை. இப்போது அவர்கள் "மிஸ், ஓடல" என்று வருவதில்லை. "மிஸ், ஐந்நூற்றிரண்டு" என்று வருகிறார்கள்.

வாசலில் ஆள் இல்லாத நாளும் வந்தது. அது முழுக்க என் தவறு. பெற்றோர் கூட்டத்தன்று மீன் ஏட்டைக் காட்டலாம் என்று முடிவுசெய்து, காலையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனது. என்ஜின்எக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். அது தொடங்க மறுத்தது. விக்கியும் போனது, மீன் ஏடும் போனது. பெற்றோர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எல்லாம் அழிஞ்சுபோச்சா மிஸ்?" என்று ஒருவன் மெல்லக் கேட்டான். மாதக்கணக்கில் சேர்த்த பதிவுகள் அவை.

பின்வரிசையில் நின்ற ஒருவர்தான், "முகத்துவாரம் தூர்ந்தா ஏரியில மீன் செத்தா போச்சு? படகுதானே போக முடியாது" என்றார். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடுவதையும், படகு தரைதட்டுவதையும் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் பிள்ளையிடமிருந்து இந்த ஒப்புமையைக் கேட்டிருப்பார் போல. அவர் சொன்னது சரி. உள்ளே இரண்டு செயலிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த மடிக்கணினியிலேயே 8000 என்று தட்டியதும் மீன் ஏட்டின் பதிவுகள் வந்தன. எழுத்துகள் கோணலாகத்தான் வந்தன, ஆனாலும் பெற்றோர் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள்.

அன்றிலிருந்து விதி: அமைப்பை மாற்றினால் முதலில் சோதனைக் கட்டளை. என்ஜின்எக்ஸ் கோப்பைப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் எந்த வரியில் என்று சொல்லிவிடும். சரி என்று சொன்ன பிறகும் நிறுத்தித் தொடங்காமல் 'ரீலோட்' மட்டுமே. ரீலோட் செய்யும்போது புதிய அமைப்பில் பிழை இருந்தால் பழையதே தொடர்ந்து ஓடும்.

கணினியே இல்லாமல் இதை வகுப்பில் நடத்தலாம். தொடக்கப் பள்ளி நண்பர்கள் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கதவருகே ஒரு பிள்ளை. உள்ளே இரண்டு மூலைகளில் இரண்டு பிள்ளைகள், ஒருவரிடம் மீன் படங்கள், மற்றவரிடம் நூல்கள். மற்றவர்கள் வெளியிலிருந்து '/மீன்/மடவை', '/விக்கி/ஆறு' என்று சீட்டு எழுதிக் கதவுக்காரரிடம் நீட்ட வேண்டும். மீன் மூலைக்குப் போகும் சீட்டில் முதல் சொல்லைக் கதவுக்காரர் கிழித்துவிட்டுக் கொடுப்பார். நூல் மூலைக்கு முழுச் சீட்டும் போகும். பதில் கதவுக்காரர் வழியாகவே திரும்பும். இரண்டாம் சுற்றில் வேண்டுமென்றே தவறாகக் கிழிக்கச் சொல்லுங்கள். நான் ஒரு மாலை முழுதும் பட்ட பாட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள்.

'பாடு' என்று எழுதும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. ஒரே நீர், பல குடும்பங்கள், சண்டையில்லாமல் பகிர்வு. லொகேஷன் தொகுதிகளை விளக்க இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது என்று நினைத்து, கரும்பலகையில் உற்சாகமாக எழுதினேன். "இந்தப் பாதை இந்தச் செயலியின் பாடு."

அப்போது எட்டாம் வகுப்பிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த ஒரு மாணவி எழுந்தாள். "எங்களுக்குப் பாடு கிடையாது மிஸ். பட்டியல்ல இல்லாதவங்க வந்தா அது என்ன செய்யும்?"

அவள் அம்மா வலையில்லாமல், சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர். பாட்டு உரிமை உள்ள குடும்பங்களும் இல்லாத குடும்பங்களும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஏரியைப் பற்றிய அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதை அவளிடமே சொன்னேன். கணினியைப் பற்றிய பாதிக்குப் பதில் இருந்தது. பட்டியலில் இல்லாத பாதை வந்தால், வெறும் '/' என்ற லொகேஷன் அதைப் பிடிக்கும். அங்கே என்ன வைக்கிறோம் என்பது நம் விருப்பம். அதுவரை என்ஜின்எக்ஸின் ஆங்கில வரவேற்புப் பக்கமும், உள்ளே தவறாகப் போனால் வெற்று 404உம்தான் இருந்தன. அன்றே இரண்டு பெரிய பொத்தான்களோடு ஒரு தமிழ்ப் பக்கம் எழுதினோம். தவறிய பாதைக்கும் அதே பக்கம்தான் வரும்.

அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் அவள் மீன் ஏட்டில் ஒரு பதிவுகூடச் செய்யவில்லை என்பதைக் கவனித்தேன். காரணம் படிவத்தில் இருந்தது. 'எந்த வலை?' என்ற கட்டம் கட்டாயமானது. கீழே விரியும் பட்டியலில் வலைகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அனுப்ப முடியாது. அவளும் வேறு சிலரும் அந்தக் கட்டத்தைத் தாண்டவே முடியாமல் திரும்பியிருக்கிறார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. முன்னாள் மாணவரிடம் சொன்னேன். பட்டியலில் 'கை' என்று ஒரு வரி சேர்ந்தது. அவளுடைய முதல் பதிவு ஒரு கூடை இறால். படத்தில் அவள் அம்மாவின் கை விரல்களும் தெரிகின்றன.

முயன்று பார்க்க விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள். ஒரே பெயரில் இருக்கும் இரண்டு செயலிகளை உலாவி ஒரே இடமாகவே பார்க்கும். ஒன்றில் ஓடும் நிரல், மற்றதன் சேமிப்பைப் படிக்க முடியும். ஆகவே நம்பத்தகாத செயலியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டிலும் உள்நுழைவு இருந்தால் குக்கீகளுக்கு வேறு வேறு பெயர் கொடுங்கள். இல்லையென்றால் ஒன்றில் நுழையும்போது மற்றதிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். போர்ட் வேறாக இருந்தாலும் குக்கீகள் பிரிவதில்லை என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். சான்றிதழ் இல்லாத உள்வலையமைப்பில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே போகும். எனவே எமிஸ் விவரங்கள், பிள்ளைகளின் முகப்படங்கள், முகவரிகள் எதுவும் அதில் வேண்டாம். எங்கள் ஏட்டில் பெயருக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் அவரவர் தேர்ந்த ஒரு பறவையின் பெயர். பூநாரைக்குப் பெரிய போட்டி. இன்னொன்று: பள்ளி.லேன் போன்ற பெயரைச் சில உலாவிகள் தேடல் சொல்லாக எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்துத் தட்டச் சொல்லுங்கள்.

விக்கிப்பீடியா கோப்பு போனால் வேறு இடத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மீன் ஏட்டுக்கு அப்படி இல்லை. அதன் தரவுத்தளக் கோப்பும் படக் கோப்புறையும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பென்டிரைவுக்குப் போகின்றன. நகல் எடுக்கும் முறை இந்த வாரம் யாருடையது என்று மாணவர்களே பட்டியல் போட்டிருக்கிறார்கள். பென்டிரைவ் தலைமையாசிரியர் அறை அலமாரியில், மழைநீர் எட்டாத மேல்தட்டில் இருக்கிறது.